ஒருவர் நீங்கலாக

பவளாயி படத்துக்குக் கீழே
குத்துவிளக்கு போட்டுவிட்டான் பந்தலூர் பிரஸ்காரன்.
‘தியாகச் சுடர்’ என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.
சுடர் என்றால் விளக்குதானே என்கிறான்.

யாரோ செல்லில் அனுப்பியிருக்கிறார்கள்.
காலை ஏழு மணிக்கே கேத்தி பாலாடாவிலிருந்து போன்:
“எப்ப செத்தேன்னும் போட்டிருக்கலாம்ல, செயலாளரே.
அன்னிக்கு ஒரு நாள் லீவு கேட்டிருப்பேன்.”
பின்னால் கேரட் கழுவும் மிஷினின் இரைச்சல்.

ஐந்து வருஷத்துக்கு முன், ஆடி.
நாலாம் நம்பர் மலையில்
மழை விட்டால்தான் அது செய்தி.
எடைக் கொட்டகையில் தொங்கு தராசு.
ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ
சொல்லிக் கழிப்பார்கள்.
முள் சொல்லாமல் கழிப்பது தனி.
எல்லாருக்கும் தெரியும்,
லயத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

அன்று அவள் இறக்கிய சாக்கில்
மேலே ஒரு பிடி கொழுந்து.
“பதினெட்டு. கழிவு போகப் பதினாறு”
என்று முள்ளைப் பார்த்துக் கத்தினார் மேஸ்திரி.
கொழுந்தை அள்ளிக் கீழே போட்டாள்.
உள்ளே, கட்டிய முடிச்சு அவிழாமல்,
அந்த மாசத்து ரேஷன் அரிசி
இருபது கிலோ.

தகரத்தில் மழை.
பிறகு யாரோ சிரித்தார்கள்.
அந்தச் சிரிப்பில் தொடங்கியது
நாற்பத்தோரு நாள்.
(அறிக்கையில் ‘எழுச்சி’ என்று எழுதினேன்.
சிரிப்புக்கு யார் நன்கொடை தருவார்கள்?)

கூடலூரில் பேச்சுவார்த்தை.
கண்ணாடியைத் துடைத்தபடி கம்பெனி வக்கீல் கேட்டார்:
“ரேஷன் கடைத் தராசு சரின்னு யார் சொன்னது?”
எங்களிடம் பதில் இல்லை, கோபம் இருந்தது.
அதற்குள் தேவாலாவில்
கடன் நோட்டை மூடிவிட்டார் மளிகைக்காரர்.
எத்தனை தாலி அடகில் என்று
எண்ணுவதை நாங்களும் நிறுத்தியிருந்தோம்.

புதுத் தராசு. இனிக் கழிவு இல்லை.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் வேலை,
ஒருவர் நீங்கலாக.

இரண்டு முறை படித்தேன்.
எவ்வளவு மரியாதையான வார்த்தை.
நீங்கலாக.
யாரும் நீக்கவில்லை போல,
வெயில் வந்ததும் பனி நீங்கியது போல.

பேனா என்னுடையது.
அவள் வராந்தாவில் நின்றிருந்தாள், குடையை மடக்காமல்.
பத்தடி இருக்கும். போய்க் கேட்டிருக்கலாம்.
கேட்டால் சம்மதித்திருப்பாள்,
அதனால்தான் கேட்கவில்லை.
இல்லை.
மறுத்துவிடுவாளோ என்றுதான்.

வெளியே வந்து சொன்னேன்.
லயத்து அறையைக் காலி செய்ய ஒரு வாரம் என்றும் சொன்னேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
“அந்த அரிசி?”

அது எஸ்டேட் ஆபீசில், சாட்சியம் என்று சீட்டு ஒட்டி.
எலிகள் ஒப்பந்தத்தை மதிக்கவில்லை.

இப்போது போனில் சொல்கிறாள்:
“விட்டுக்கொடுத்தவள்னு எழுதியிருக்கீங்க.
எங்கிட்ட கேட்டா வாங்குனீங்க?
போஸ்டர் இருந்துட்டுப் போகட்டும்.
என் அரிசியைக் கொண்டாங்க.”

என் கார்டுக்கு வந்த இருபது கிலோ,
கடையிலிருந்து நேரே பஸ்ஸில் ஏற்றினேன்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.
நடுவட்டத்தில் எதிரே வரும் விளக்குகூடத் தெரியாத பனி.
மடியிலேயே வைத்திருந்தேன்,
கால் மரத்துப்போன பிறகும்.

பாலாடாவில், ராத்திரி இரண்டு மணியிலிருந்து
தண்ணீரில் நின்ற கால்கள்,
வெளுத்து ஊறிய விரல்கள்.
வாங்க என்று சொல்லவில்லை.
பையைக் கையில் வாங்கவும் இல்லை.
“அதுல வைங்க” என்றாள்,
கேரட் மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் மிஷினைக் காட்டி.

வைத்தேன்.
பையில் ஓட்டை இல்லை.
முடிச்சு நான் போட்ட முடிச்சு.

பத்தொன்பது இருநூறு.

சிவப்பு எண்ணைப் பார்த்தாள்.
பிறகு என்னை.