பதினோராம் மீட்டர்

முதலில் கடல் தலைகீழாய் நின்றது.
மேற்பரப்பு அடியில், சேறு உச்சியில்.
ஆழத்தின் அச்சைத் திருப்ப ஒரே வரி.
எழுதினேன். தண்ணீர்
தன் இடத்துக்குப் போயிற்று.

அடுத்து சராசரி கேட்டேன்.
செயின்ட் ஜான்ஸ் தீவுக்குத் தெற்கே
நீரின் வெப்பம் ஆயிரத்து எழுநூறு டிகிரி
என்றது பைத்தான், கூச்சமே இல்லாமல்.
அளக்க முடியாமல் போன இடங்களில்
ஐந்து ஒன்பதுகளை எழுதிவைப்பது கருவியின் வழக்கம்.
இல்லாததை எண்ணென்று நம்பிக் கூட்டியது நான்.
நீக்கியதும் ஆறிற்று:
இருபத்தொன்பது புள்ளி நான்கு.

புளோக்கின் கீழே கடைசிப் பேருந்து திரும்புகிறது.
கோப்பியும் ஆறிவிட்டது,
அதை யாரும் அளக்கவில்லை.

உப்பின் கோடு ஒழுங்காய் இறங்கி வந்து
பதினோராம் மீட்டரில் இடறுகிறது.
ஒரே பாய்ச்சலில் பதினான்கு.
பிறகு மேலே, பன்னிரண்டுக்கு.
பிறகு எதுவும் நடக்காததுபோல் மறுபடி கீழே.
மொத்தம் இருபது வரிகள், ஐந்து நொடி.

கப்பல் கிழித்துப் போன அலையோ?
முந்தின இரவு மழையின் நன்னீரோ?
அடியில் நமக்குத் தெரியாத ஒரு நீரோட்டமோ?
கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அப்புறம்தான் நேரத்தைப் பார்த்தேன்.
பத்து ஐம்பத்திரண்டு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
நாங்கள் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தோம்.
மீட்டர் மீட்டராய் இறக்கிக்கொண்டிருந்த சுல்கிஃப்லி
இதையெல்லாம் எதில் போட்டுப் பார்ப்பாய் என்றார்.
பைத்தான், என்றேன்.
"பாம்பா?
போன மாசம் பாசிர் பாஞ்சாங் சாக்கடையில் ஒன்று,
இவ்வளவு நீளம்!"
இரண்டு கைகளையும் விரித்தார்.

கைகள் போதவில்லை.
மிச்ச நீளத்தைக் கயிறு காட்டியது.

தரக்குறி ஒன்று என்றால் நல்லது,
மூன்று, ஐயம்.
இருபது வரிகளுக்கும் நான்கு போட்டேன்.
கோடு நேரானது, அழகாக,
பொய் சொல்லாத அளவுக்கு மட்டும் அழகாக.

நிரலின் ஓரத்தில், வேலிக்குறிக்குப் பின்னால்,
இயந்திரம் படிக்காத இடத்தில் எழுதினேன்:
மலைப்பாம்பு. சுமார் மூன்று மீட்டர்.

வியாழக்கிழமை ஏழரைக்கு மறுபடி படகு.
கருவி மேலே வந்து சேரும்வரை
அவரிடம் எதுவும் பேசக் கூடாது.