பத்தொன்பது விநாடி

இரவு பதினொன்றரை. வாகர் தீவின் விமானக் கொட்டகை.
ஹெலிகாப்டர் இன்னும் உப்பு நாறுகிறது.
மடிக்கணினியின் வடத்தை அதன் விலாவில் செருகிவிட்டு
ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன்.
எஞ்சின் மனிதர்களைப் போல
முன்னுக்குப் பின்னாகக் கதை சொல்லாது.
கேட்டால் எண்களைத் தரும்.
கேட்காவிட்டால் வைத்திருக்கும்.

மாலை ஃபுக்லோயிலிருந்து கிளம்பியபோது
உள்ளே ஐந்து பேர். பல்வலியோடு ஒரு பள்ளி ஆசிரியை.
தபால் மூட்டை. கழுத்துவரை சாக்கில் கட்டிய
ஒரு செம்மறிக் கிடா.
அது யாருடையது என்று இன்னும் ஒருவரும் வந்து கேட்கவில்லை.

ஃபாரோவில் உயரம் சொல்ல மரத்தைக் காட்ட முடியாது, மரமே கிடையாது.
மூன்று வீட்டு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
கீழே பாறை. பாறை முடிகிற இடத்தில் கடல்.
அங்கே வைத்து
முதல் எஞ்சின் மூச்சை விட்டது.

"இழுத்தேன். கொடுத்தது" என்றார் துரோந்துர்.
அவ்வளவுதான் சொன்னார்.
கையுறையைக் கழற்றினார்,
மறுபடி மாட்டிக்கொண்டார்.

கொடுத்தது எதுவென்று எனக்குத் தெரியும்.
ரொட்டித் துண்டைவிடச் சற்றுப் பெரிய பெட்டி.
எஞ்சினின் இடுப்பில் அதைத் திருகி வைத்தவள் நான்தான்.
உள்ளே இரண்டு மூளை. ஒன்று வேலை செய்யும்,
மற்றது அதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.
அப்படியொரு கல்யாணத்தில் நானும் ஏழு வருடம் இருந்தேன்.

சாதாரண நாளில் அது மகா கஞ்சன்.
சூடு இதுவரை, சுழற்சி இதுவரை, முறுக்கு இதுவரை என்று
எரிபொருளை எண்ணி ஊற்றும்.
இரண்டு எஞ்சினும் முழு மூச்சாக இழுத்தால்
பல்சக்கரப் பெட்டி தாங்காது என்று அதற்குத் தெரியும்.
ஆகவே ஒவ்வொன்றும்
ஒரு பங்கு பலத்தை மடியில் முடிந்துகொண்டே
வருடக்கணக்கில் பறக்கும்.
புதிதாக வரும் விமானிகள் திட்டுவார்கள்,
இருப்பதைத் தரக்கூட இதற்கு மனசு வராதா என்று.

இன்று ஐந்து நாற்பத்திரண்டுக்கு
பக்கத்து எஞ்சினின் சுழற்சி சரிவதைக் கண்டது.
முடிச்சை அவிழ்த்தது.
முப்பது விநாடிக்கு இந்தச் சூடுவரை.
பிறகு இரண்டு நிமிடம், ஒரு படி கீழே.
பிறகு வீடு சேரும்வரை நிதானம்.

அப்போதும் ஒரு கோடு இருந்தது, கவனியுங்கள்.
அதற்கு மேலும் இழுத்திருந்தால்
தலைக்கு மேல் சுழலும் இறக்கைகள்தான் தளர்ந்திருக்கும்.
துரோந்துர் கோட்டைத் தொட்டார்,
தாண்டவில்லை.
பாறை விளிம்பில் மூக்கைக் கவிழ்த்து
கடலை நோக்கி விழுகிற மாதிரி விழுந்து
வேகம் வாங்கிக்கொண்டார்.
சத்தம் கொஞ்சம் மாறிச்சு, என்றாள் ஆசிரியை.
பல்வலியில் வேறெதையும் கவனிக்கவில்லையாம்.

திரையில் வந்துவிட்டது.
முப்பது விநாடி வரம்பில்: பத்தொன்பது.
இரண்டு நிமிட வரம்பில்: நாற்பத்தாறு விநாடி.
அதற்குக் கீழே, உணர்ச்சியே இல்லாமல்:
இரண்டாம் எஞ்சினைக் கழற்றுக.

அந்தச் சூட்டில் டர்பைன் இதழ்கள்
ஒரு மயிரிழை நீண்டிருக்கும்.
கண்ணுக்குத் தெரியாது. இனிச் சுருங்காது.

வழியில் கைவிட்டதற்கு அடைபட்ட ஒரு குழாய்தான்,
மதியத்துக்குள் சரிசெய்துவிடுவேன்,
திங்கட்கிழமை அது பறக்கும்.
தாங்கிக்கொண்டு வந்தது
மரப்பெட்டியில் ஆணியடித்துக் கப்பலேறும்.
இதில் நியாயம் தேடி
நானும் ஒரு காலத்தில் தூக்கம் கெட்டிருக்கிறேன்.
இப்போது கம்ப்ரஸரை நன்னீரால் கழுவுகிறேன்,
இரண்டையும்,
கழற்றப்போவதையும் சேர்த்து.

படிவத்தில் "காரணம்" என்று ஒரு கட்டம்.
எழுத நினைத்துத் திரும்பினால்
மூலையில் கட்டியிருந்த கிடா
அந்தத் தாளில் பாதியைத் தின்றுவிட்டு
என்னைப் பார்த்தபடி மென்றுகொண்டிருக்கிறது.