அட்மின் மட்டும் எழுதலாம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருக் குழுவுக்கு
நான்தான் அட்மின்.
யாரும் ஓட்டுப் போடவில்லை,
முதலில் தொடங்கியவன், அவ்வளவுதான்.

கார்த்திகை மழை. கெடிலம் கரையைத் தொட்டுவிட்டது.
'அணை உடைஞ்சிடுச்சு' என்று ஒரு குரல்பதிவு.
போன வருஷத்துக் குரல், அதே இருமல்.
அழித்தேன்.

தட்சிணாமூர்த்தி சாரும் இருதயமேரியும்
குப்பைத்தொட்டி யார் வாசலில் என்று
நள்ளிரவிலும் விட்டபாடில்லை.
அவர் ஒரு புகைப்படம், இவர் மூன்று.
குழுவையே பூட்டிவிட்டுப் படுத்தேன்.
என்ன அமைதி!

மூன்றேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம்.
முழங்கால் தண்ணீரில் இருதயமேரி.
"சார் வீட்டுக்குள்ள தண்ணி.
கால் முடியாதவரு.
தூக்க ரெண்டு பேர் வேணும்னு எழுதப் பாத்தேன்,
விடமாட்டேங்குது தம்பி."

செருப்பைத் தேடினேன்.
அது ஏற்கெனவே
தெருவில் போய்க்கொண்டிருந்தது.