மாதம் மூன்று யூரோ

பர்னுவில் ஜனவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
"இடம் நிரம்பிவிட்டது, ஹெல்தூர்" என்கிறது
காசு வாங்காத மின்னஞ்சல்.
ஓரத்தில்,
கிழட்டு நாய்களின் மூட்டுவலிக்கு மாத்திரை,
இருபது விழுக்காடு தள்ளுபடி.

பிபர் செத்துப் பதினோரு மாதம்.

மூன்று யூரோ என்றால் ஒரு கறுப்பு ரொட்டி.
கட்டிவிட்டேன்.
கடிதம், படம், வரி ரசீது எல்லாவற்றையும்
ஒரே இரவில் குடிபெயர்த்தாயிற்று.
புது இடம் சுத்தம்.
விளம்பரம் இல்லை. யாரும் என்னை
மோப்பம் பிடிப்பதில்லை.
ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி அமைதி.

பழைய கணக்கை மூடப் போனேன்.
"நிச்சயமாகவா?" என்றது.
பதில் சொல்லாமல் விளக்கை அணைத்தேன்.

ஞாயிறு காலையில் மட்டும்
எட்டிப் பார்க்கிறேன்.
இன்று ஒரு குளிர்ச்சட்டை,
உள்ளே கம்பளி வைத்துத் தைத்தது,
பிபருக்குச் சரியான அளவு.