மூன்றா நாலா

மாங்குளம் சந்தியில் மழை பிடித்துக்கொண்டது.
கஜரூபனின் போன் கடைக்குள் நாலு பேர்,
இரண்டு கதிரை, ஒரு பழைய பற்றரி.
கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்.
கணினி கறுத்துக் கிடந்தபடியால்
வாய்தான் மிச்சம்:
மொர்தேனா ஏழு பாகத்திலும் எது பெரிசு?

மூன்று, என்றான் கஜரூபன்.
சொல்லிவிட்டு வழக்கு முடிந்ததுபோல்
திருப்புளியால் காது குடைந்தான்.

மூன்றில் என்னடா இருக்கு?
குதிரை சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.
மனிசர் முகமெல்லாம் பிடித்துவைத்த கொழுக்கட்டை.
காவற்காரன், கள்ளன், ராசாவின் மனைவி
மூவருக்கும் ஒரே தடிமன் பிடித்த குரல்.

'அது வழியை வாயால சொல்லும்' என்றான்.
'கருங்கல் பாலம் தாண்டி, பட்டமரத்தடியில
இடக்கைப் பக்கம் எண்டு சொல்லும்.
அதைக் கொப்பியில எழுதி, பிழையாய்ப் போய்,
ஒரு கிழமை அலைஞ்சு கண்டுபிடிச்ச குகை அது.
நாலில மேல அம்புக்குறி காட்டுது.
நீங்கள் அதுக்குப் பின்னால
பட்டிக்குப் போற மாடு மாதிரிப் போறியள்.'

நிதுர்சனாவுக்கு நாலுதான்.
மாடு என்றதை அவள் பொருட்படுத்தவில்லை.
'அம்புக்குறியை ஆர் பாத்தது?
மலை தெரிஞ்சால் மலைக்குப் போவன்.
பாதை வேண்டாம். குறுக்கால.'

அவளுக்குக் கண்ணிவெடி அகற்றும் வேலை.
விடிய ஆறுக்கு வாகனம் வரும்.
முழங்காலில் இருந்து, சிவப்புத் தடிக்கு உள்ளே,
நாளுக்குச் சில சதுர மீற்றர்.

ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்த அஜந்த்
அவளைப் பார்த்தான்.
குரலைத் தாழ்த்தி, 'விளங்குது' என்றான்.

'என்ன விளங்குது?
நாலில பொதிக்குள்ள முந்நூறு வெண்ணெய்க்கட்டி காவலாம்.
பறவைநாகம் வாயைத் திறக்கேக்க
நேரத்தை நிப்பாட்டிப்போட்டு
முந்நூறையும் இருந்து தின்னலாம்.
அதுக்குத்தான் நாலு.'

கஜரூபன் சிரித்ததில் திருப்புளி எங்கோ விழுந்தது.
போன் வெளிச்சத்தில் தேடினோம்.
அஜந்தும் குனிந்து தேடினான், பாவம்.

அவனுக்குப் பிடித்தது ஏழு.
அதில் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாய் அசையுமாம்,
மழையில் நனைந்த ஆள் காய நேரம் எடுக்குமாம்.
ஏழை ஆடும் கணினி இந்தச் சந்தியில் ஒருவரிடமும் இல்லை.
ஏழை என்ற சொல்லுக்கு அன்றிரவு
இரண்டு அர்த்தமும் எங்களிடம் பொருந்தியது.
மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
வெளியே அசல் மழை
தகரத்தில் ஒரே குரலில் பேசியது, மூன்றாம் பாகம்போல.

'நீ?' என்றார்கள் என்னிடம்.
நாலு என்றேன்.
பொய்.

எனக்கு ஐந்து.
எல்லாரும் காறித்துப்பும் ஐந்து,
செய்தவர்களே மன்னிப்புக் கேட்ட ஐந்து.
ஏ.எல். பிழைத்த வருசம்
பின்னேரங்களில் இந்தக் கடையில் இருந்து ஆடினேன்.
அதில் ஒரு வாவி, வாவியில் ஒரு தோணிக்காரன்.
கதைக்கு அவனால் ஒரு பிரயோசனமும் இல்லை.
கனநாள் போகாமல் விட்டுப் போனால்
'எங்க போயிருந்தாய், மீன் நிறைய இப்ப' என்பான்.
அவ்வளவுதான். அதற்காகவே
போகாமல் விட்டு விட்டுப் போவேன்.
கடைசிக் கோட்டை வாசலில்
சாம்பல் அரசன் வாளை ஊன்றிக்கொண்டு
ஆறு வருசமாய் எனக்காக நிற்கிறான்.
நிற்கட்டும்.
அவனைக் கொன்றால் பெயர்கள் ஓடும், ஆட்டம் முடியும்,
தோணிக்காரன் என்ன ஆவான் என்று
ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது.
கஜரூபன் ஓடிப்போய் மூன்றைத் திறந்தான், நிரூபிக்க.
போன வைகாசியில் விட்ட இடத்திலேயே
குதிரையின் பின்பாதி மட்டும்
கோயில் சுவரில் முளைத்து நின்றது.
வால் ஆடிக்கொண்டிருந்தது.

'முதல்ல அதை எடு' என்றாள் நிதுர்சனா,
கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு.

பத்தரை மட்டும் எடுத்தோம்.
அஜந்த்தான் கடைசியில் வழி கண்டுபிடித்தான்:
முன்னுக்கு இழுக்கக் கூடாது,
இன்னும் உள்ளே தள்ள வேண்டும்.
மற்றப் பக்கத்தால் வந்தது,
ஒரு கீறலும் இல்லாமல்,
ஒன்றும் நடக்காத மாதிரிப் புல் மேய்ந்தது.

மூன்றா நாலா முடியவில்லை.
நாளைக்கும் மழையாம்.