ஆம் என்பதற்கு இங்கே ஓம்

கொண்டாவில் வீட்டில் ஒருநாள்
திரை திடீரென்று மங்கியது.
கரண்ட் போய்விட்டதோ என்று விசிறியைப் பார்த்தேன்,
சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
கடிதம், கணக்கு, கோயில் ரசீது
எல்லாம் சாம்பல் பூசி ஒதுங்கி நிற்க
நடுவில் ஒரேயொரு பெட்டி:
இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய
அனுமதிக்கிறீர்களா?
ஆம். இல்லை.

ஆம் என்று இந்த ஊரில் யார் சொல்கிறார்கள்?
மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள்.
நாங்கள் ஓம் என்போம்,
கேள்வி முடியுமுன்னே ஓம்,
தொலைபேசியில் மறுமுனை மூச்சு வாங்கினாலும்
ஓம் ஓம் சொல்லுங்கோ.
குழுக்கடன் தந்த பெண்ணுக்கு ஓம்.
அவள் வட்டியைச் சொன்னபோது
அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது.
கலியாணப் பேச்சில் என்னை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் ஓம்தான்.

இதையும் அப்படியே அழுத்திவந்தேன், ஆறு மாதம்.
பிரிண்டருக்கு,
சின்னவனின் விளையாட்டுக்கு,
என்னவென்று தெரியாத ஒன்றுக்கு இரண்டு தரம்.

கணினிக்குச் சுகமில்லாமல் போயிற்று.
எதைத் திறந்தாலும் விளம்பரம்.
துவாயில் சுற்றி, ஸ்கூட்டியில் வைத்து
ஸ்ரான்லி வீதிக்குக் கொண்டுபோனேன்.
கடையில் தர்மிகன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:
'அது பிழை எண்டு சொல்லேல்லை அக்கா.
படலையிலே ஆள் நிக்குது எண்டு சொல்லுது.
நீங்கள் கூப்பிட்ட ஆளோ எண்டு பாருங்கோ.'
இரண்டாயிரத்து ஐந்நூறு வாங்கினான்.
எல்லாவற்றையும் அழித்துப் புதிதாய்ப் போட்டுவிட்டு
'ஆரை நிர்வாகியாப் போட?' என்றான்.
எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில்.
யோசிக்க நேரமில்லாமல்
என் பெயரைச் சொன்னேன்.

வதனி. நிர்வாகி.

இந்த வீடு என் சீதனம்.
உறுதியில் என் பெயர்,
நான்கு எல்லையும், பங்குக் கிணறும் சகிதம்.
போன வருடம் கூரை வேலைக்கு ஈடுவைக்கப் போனோம்.
நொத்தாரிசு பேனையை
என்னைத் தாண்டி நீட்டினார்.
'தேசவழமை, தங்கச்சி.
அவரும் ஒப்பம் வைக்கவேணும்.'
அவர் வைத்தார். நல்ல மனுசன், குறை சொல்லவில்லை.
என் முகத்தருகே அந்தப் பேனை போன பாதை மட்டும்
இன்னும் மறக்கவில்லை.

நேற்றிரவு ஒன்பதரைக்கு
அவருடைய கணக்கில் திரை மங்கியது.
பாமினியில் கிடந்த சங்கத்து அறிக்கையை
யூனிகோட்டுக்கு மாற்ற
எங்கிருந்தோ ஒன்றை இறக்கியிருக்கிறார்.
பெட்டி அவரிடம் ஆம் இல்லை என்று கேட்கவில்லை.
என் பெயரைப் போட்டு
கடவுச்சொல்லுக்கு ஒரு வெறுங்கட்டம் வைத்திருந்தது.

'இஞ்சேரும், உம்மைத்தான் கேக்குது.'

புட்டுக்குக் குழைத்த மாக்கையோடு வந்தேன்.
வெளியீட்டாளர் என்ற இடத்தில்
அறியப்படாதவர் என்று கிடந்தது.
'ஆர் இவர்?'
'தெரியேல்லை. ஃப்ரீ எண்டு போட்டிருந்தது.'

கையைத் துடைத்துக்கொண்டு
இல்லை என்பதை அழுத்தினேன்.
ஒரு சின்னக் கிளிக்.
திரை வெளித்தது.
வைத்தவை வைத்த இடத்திலேயே இருந்தன.
வானம் இடிந்து விழவில்லை,
பக்கத்து வளவு நாய்கூடக் குரைக்கவில்லை.
இவ்வளவு லேசான சொல்லா இது?

அவர் பேசவில்லை.
கதிரையில் கொஞ்சநேரம் சாய்ந்திருந்தார்,
பிறகு பேரும் ஊரும் உள்ள ஒன்றைத்
தேடிப் பிடித்தார்.
மறுபடி மங்கல்.
வாசித்தேன்.
இன்னொரு தரமும் வாசித்தேன். அடுப்பு அணைந்துதான் இருந்தது.
விரல்களைக் கட்டைகளுக்கு மேலே கொண்டுபோனபோது
அவர், நான் சொல்லாமலே,
முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்,
நாட்காட்டியில்
ராகுகாலம் பார்க்கிறவர் மாதிரி.