இரண்டு காசு கனம்

பணகுடிக்கு மேற்கே, வாழைத்தார் அடுக்கிய கிட்டங்கியில்
இப்போது ஒரு விமானம் நிற்கிறது,
மொகரை இல்லாமல்.
பார்சல் சீட்டில் கௌலிங் என்றுதான் இருந்தது.
கோயில்பிச்சை அதை மொகரை என்றான்,
அதற்கப்புறம் வேறு பெயர் ஒட்டவில்லை.

அவனுக்குக் காற்றாலை இறக்கையில் வேலை.
எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி
விரிசலுக்குப் பிசின் பூசுகிறவன்.
நான் குவாரிகளுக்குக் கம்ப்ரசர் வாடகைக்கு விடுகிறவள்.
வங்கியில் கடன் எதற்கு என்ற கட்டத்தில்
மெஷின் என்று எழுதினேன்.
பொய் இல்லை.

முதல் நாள் மேல்பாதியைத் தூக்கி வைத்தோம்.
இடப்பக்கம் விரல் நுழைந்தது.
வலப்பக்கம் தாள் நுழையவில்லை.
"கூடுதலாத்தான் ஊத்தி அனுப்பியிருக்கான்,
நாமதான் வெட்டிக்கிடணும்.
ஆனா வெட்டுனது திரும்ப வளராது, பாத்துக்கிடுங்க."
ஒரு நூல் வெட்டி, வைத்துப் பார்த்து, கழற்றி,
அரை நூல் வெட்டி, வைத்துப் பார்த்து, கழற்றி,
கால் நூலுக்கு உப்புத்தாள்.
ஆடிக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வந்து
தகரக் கூரையை உலுக்கிக்கொண்டே இருந்தது.
கண்ணாடி இழைத் தூள் கழுத்து மடிப்பில் புகுந்தது.
தேங்காயெண்ணெய் பூசிப் படுத்தேன்.
தலையணையும் அரித்தது.

திருகு ஓட்டைகள் உள்தகட்டில் இருக்கின்றன,
மூடிவிட்டால் எது எங்கே என்று தெரியாது.
கோயில்பிச்சை உள்ளே கையை விட்டு டார்ச் அடித்தான்.
வர்ணம் பூசாத இழை, நுங்கின் தோல் போல
வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது.
ஓட்டைகள் ஒவ்வொன்றாய் வெளியே பூத்தன.
நான் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனேன்.
இருபத்தாறு.
அந்த அரைமணி நேரம் யாரும் பேசவில்லை,
காற்றைத் தவிர.

சுழலும் கூம்புக்கும் மொகரைக்கும் நடுவில்
இரண்டு காசு கனம் இடம் விடவேண்டும்.
தடித்த பழைய ஐந்து ரூபாய் எட்டு எடுத்து
இரண்டிரண்டாக டேப் சுற்றி
நாலு பக்கமும் செருகினோம்.
துளை போட்டோம். நட்டு ஒட்டினோம்.
சாரல் ஈரத்தில் பிசின் இறுக மறுத்தது,
இரண்டு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் கடைசித் திருகும் இறங்கியது.
காசுகளை எண்ணினேன்.
ஏழு.
ஒரு டேப் பிரிந்து தரையில் கிடந்தது.

இன்ஜினுக்குள் ஐந்து ரூபாய்.
யாரும் அதைச் சொல்லவில்லை,
இருவரும் திருப்புளியை எடுத்தோம்.
இருபத்தாறும் திரும்ப வெளியே வந்தன.
கண்ணாடியை வைத்து, காந்தத்தை விட்டு,
(இந்தக் காசு காந்தத்தில் ஒட்டாது என்று பிறகு உறைத்தது)
சிலிண்டர்களின் இடுக்கில் விரலால் தடவித் தேடினோம்.
காசு இல்லை.
ஆனால் கீழ்ப்பாதியில், புகைக்குழாய் வெளியேறும் வாயருகே
நகக்கீறல் போல ஒரு கோடு.
குழாய் உரசியிருக்கிறது.
ஓடாத இன்ஜினுக்கே உரசல் என்றால்
ஓடினால் கருகியிருக்கும்.
கோயில்பிச்சை கீறலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"விரக்கடை வெட்டணும்" என்றான், கடைசியில்.

அப்போதுதான் அவன் மச்சான் அருள்ராசு வந்தான்,
கையில் மூன்று டீ, ஒரு பொட்டலம் முந்திரிக்கொத்து.
"இந்தத் தடிக்காச டீக்கடைல வாங்கமாட்டேங்கான்க்கா,
செல்லாதாம். இந்தாங்க."
அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.
காசை வாங்கி டேப்பில் ஒட்டி வைத்தேன்.
டீ ஆறியிருந்தது.

ஞாயிறு மதியம் மறுபடி மூடினோம்.
நேரே முன்னால் நின்று ஒரு கண்ணை மூடி
அருள்ராசு பார்த்தான்.
"கூம்பு ஒரு நூல் மேல ஏறி நிக்கே.
இம்புட்டு பாடுபட்டு கோணலாவா வச்சிருக்கிய?"

"இருக்கட்டும்" என்றேன்.
"இன்ஜினத் தாங்குற ரப்பர் புதுசு.
இன்னும் எடை பழகல."